ட்ரம்ஸ் ஏன் குடத்துக்குள் அடித்தது போலக் கேட்கிறது?

கேள்வி: கோவையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தமிழில் ராக் பாட்டு செய்கிறோம். ட்ரம்ஸ், பேஸ், லீட் கிட்டார். நான் ரிதம் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறேன். சொந்தப் பாடல்கள் ஐந்து தயாராக இருக்கின்றன. சேர்த்து வைத்த பணம் 60,000 ரூபாய். மாடியில் உள்ள பத்துக்குப் பத்து அறையில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, நான்கு மைக் வைத்து ட்ரம்ஸை நாங்களே பதிவு செய்தோம். குடத்துக்குள் அடித்தது போல இருக்கிறது. எல்லாவற்றையும் ஸ்டூடியோவில் எடுக்கப் பணம் போதாது. என்ன செய்யலாம்? இன்னொன்று: கஃபேக்களில் வாசிக்கும்போது என் குரல் யாருக்கும் கேட்பதில்லை. கூட்டினால் மைக் ஊளையிடுகிறது.

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பதிவைக் கேட்டேன், படத்தையும் பார்த்தேன். மைக்கில் குற்றமில்லை. புது மைக் வாங்கும் எண்ணம் இருந்தால் தள்ளிவையுங்கள். உங்கள் ட்ரம்மர் நிதானமாக, அழகாக அடிக்கிறார். பதிவில் கேட்பது அறையின் சத்தமும் பழைய தோலின் சத்தமும்தான். இந்த இரண்டையும், பிறகு எல்லாத் தடங்களையும் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங்கில் யாராலும் சரிசெய்ய முடியாது.

முதலில் அறை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் ஒலி தங்கி நின்று முழங்கும். உங்கள் அறையில் நீளமும் அகலமும் பத்தடி. நம் வீடுகளில் வழக்கமாக இருப்பதுபோல உயரமும் பத்தடி என்றால், மூன்று திசையிலும் அதே 56, அதன் மேல் அதே 112, அதே 168. ஒலிப்பதிவுக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. காலால் மிதித்து அடிக்கும் கிக் ட்ரம்மின் கனம் விழும் இடமும் அதையொட்டித்தான். அதனால் சில அடிகள் வீங்கியும் சில அடிகள் காணாமலும் போகின்றன.

அடுத்தது கூரை. படத்தில் பார்த்தால் ட்ரம்ஸுக்கு மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக்குகள் தரையிலிருந்து ஏழடியில் இருக்கின்றன. மேலே மூன்றடியில் சிமெண்ட் கூரை. நேராக வரும் ஒலி மைக்கைத் தொட்டபின், கூரையில் மோதித் திரும்பும் அதே ஒலி ஆறடி கூடுதலாக நடந்து, 5 மில்லி நொடிக்குச் சற்று மேல் தாமதமாக மறுபடி மைக்குக்குள் விழுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்து 94, 281, 469 ஹெர்ட்ஸ் என வரிசையாகப் பள்ளம் விழுகிறது. குடத்துக்குள் அடித்தது போன்ற அந்தச் சத்தம் பெரும்பாலும் இதுதான். ஈக்வலைசரில் ஒரு பள்ளத்தை நிரப்பலாம், வரிசையையே நிரப்ப முடியாது.

முட்டை அட்டையைக் கழற்றிவிடுங்கள். அது உயர்ந்த ஒலிகளில் கொஞ்சத்தைக் குடிக்கும், அவ்வளவுதான். கீழே உள்ள முழக்கத்தை அது தொடுவதே இல்லை. அதனால் அறை ஒரே நேரத்தில் மந்தமாகவும் முழக்கமாகவும் ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தையும் அது நிறுத்தாது. தீப்பிடித்தால் சுவர் முழுக்க எரியும். ஒயர்கள் நிறைந்த அறைக்கு அது ஆபத்து.

என் யோசனை: ட்ரம்ஸை மட்டும் வெளியே எடுங்கள், மற்ற எல்லாவற்றையும் வீட்டில் எடுங்கள். 60,000 ரூபாயில் பாதியை ட்ரம்ஸுக்கு ஒதுக்குங்கள். புதுத் தோல்களும் அதற்குள் அடக்கம். இருபதாயிரம் மிக்ஸிங்குக்கும், வெளியிடும் முன் கடைசி மெருகு போடும் மாஸ்டரிங்குக்கும். மிச்சம் பத்தாயிரம் கிட்டார் கம்பி, வண்டி வாடகை, எதிர்பாராத செலவு. இந்தக் கணக்கில் ஸ்டூடியோ இரண்டு நாள் கிடைத்தால் ஐந்து பாட்டு எடுக்கலாம். ஒரு நாள்தான் கிடைத்தால் மூன்று பாட்டோடு நிறுத்துங்கள். ஐந்தையும் ஒரே நாளில் திணித்தால் கடைசி இரண்டு பாட்டில் ட்ரம்மரின் கை சோர்ந்திருப்பது பதிவில் அப்படியே தெரியும்.

ஸ்டூடியோவை போனில் பேசி முடிவு செய்யாதீர்கள். நேரில் போய் ட்ரம்ஸ் வைக்கும் இடத்தில் நின்று கையைத் தட்டுங்கள். ‘ட்ர்ர்ர்’ என்று சுவருக்குச் சுவர் ஒலி துள்ளினால் வேறு இடம் பாருங்கள். கூரை உயரமாக இருக்கிறதா, ஒரே நேரத்தில் குறைந்தது எட்டு மைக் பதிவு செய்ய முடியுமா, வாடகை மணிக்கணக்கா ஷிஃப்ட் கணக்கா, என்ஜினீயர் சம்பளம் அதில் சேர்ந்ததா தனியா, எந்தச் சேர்ப்பும் இல்லாத மூலக் கோப்புகளை அன்றைக்கே ஹார்ட் டிஸ்கில் தருவார்களா, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மைக்குகளை மாட்டிச் சத்தம் பார்க்க இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரமும் வாடகையில் ஓடும் என்பதை மறந்துதான் பலர் கணக்கு தவறுகிறார்கள். காலியான கல்யாண மண்டபம் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம். கல் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கும் அந்த ஹாலில் ஒரு ஸ்நேர் அடி அடங்குவதற்குள் அடுத்த நான்கு அடி விழுந்துவிடும்.

இனி தோல். உங்கள் ஸ்நேரின் (ட்ரம்மரின் முன்னால் ‘சடக்’ என்று ஒலிக்கும் ட்ரம்) மேல்தோல் நடுவில் குழி விழுந்து, வெள்ளைப் பூச்சு உரிந்திருக்கிறது. அதை எந்த மைக் வைத்து எடுத்தாலும் அட்டைப் பெட்டிதான். ஸ்நேருக்கும் டாம்களுக்கும் மேல்தோல் புதிதாகப் போடுங்கள். கிக்கின் அடிக்கும் பக்கத் தோல் நன்றாக இருந்தால் விட்டுவிடலாம். பதிவுக்கு முந்தைய நாளே மாட்டிவிட வேண்டும். புதுத் தோல் இழுபட்டு இறங்கும். அன்று காலை மாட்டினால் ஒவ்வொரு டேக்குக்கும் சுருதி மாறிக்கொண்டே போகும்.

மாட்டும் முறை: முதலில் எல்லாத் திருகையும் கையால் முடியும் வரை முறுக்குங்கள். பிறகு சாவியால் ஒரு திருகு, அதற்கு நேர் எதிர்த் திருகு, அடுத்தது, அதற்கு எதிர் என்று ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று. வட்டமாக வரிசையில் முறுக்கினால் தோல் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். சுருக்கம் போனதும் உள்ளங்கையால் நடுவில் அழுத்தி உட்காரவைத்து, மறுபடி முறுக்குங்கள். கடைசியில் ஒவ்வொரு திருகுக்கும் அருகில், ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுருதி வர வேண்டும். ஸ்நேரின் அடித்தோல் மேல்தோலைவிட இறுக்கமாக இருக்கட்டும். கணீரென்ற மிச்சச் சத்தம் அதிகமாக இருந்தால் டிஷ்யூ காகிதத்தைச் சின்னதாக மடித்து ஓரத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். கிக்குக்குள் ஒரு சின்னத் தலையணை, இரண்டு தோலையும் லேசாகத் தொட்டால் போதும். உள்ளே போர்வை மூட்டையைத் திணித்தால் ட்ரம் செத்துவிடும். பெடலின் கீச்சுச் சத்தத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய்; மேடையில் யாருக்கும் கேட்காத அந்தக் கீச்சு மைக்கில் தெளிவாக விழும்.

ட்ரம்ஸுக்கு மட்டும் என்றால் உங்களிடம் உள்ளது போல நான்கு மைக்கே போதும். கிக்குக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று, மேலே இரண்டு. ஆங்கிலேய ஒலிப்பதிவாளர் க்ளின் ஜான்ஸ் பெயரால் வழங்கும் முறை இதற்குப் பொருத்தமானது. முதல் மைக் ஸ்நேருக்கு நேர் மேலே சுமார் 40 அங்குலத்தில். இரண்டாவது ஃப்ளோர் டாமுக்கு அப்பால், அதன் விளிம்புக்குச் சற்று மேலே, ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) நோக்கி. ஒரு நூலை எடுத்து ஸ்நேரின் நடுவிலிருந்து முதல் மைக் வரை அளந்து, அதே நீளத்தில் இரண்டாவது மைக்கை நிறுத்துங்கள். இது கட்டாயம். இரண்டுக்கும் 17 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூட, இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது ஸ்நேரில் 1,000 ஹெர்ட்ஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய பதிவில் ஸ்நேர் ஒல்லியாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் மோனோவில் கேட்டபடி கிக்கின் போலாரிட்டி பட்டனை (ஒலி அலையை மேல்கீழாகப் புரட்டுவது) மாற்றிப் பாருங்கள். எந்த நிலையில் கனம் அதிகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்நேருக்கும் அப்படியே.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பாட்டின் மிகச் சத்தமான பகுதியை முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் கெயினை வையுங்கள். ஒவ்வொரு ட்ரம்மாகத் தட்டிச் சோதிக்கும்போது யாரும் முழுப் பலத்தில் அடிப்பதில்லை. பாட்டு ஓடும்போது அடி கூடும். சிவப்பு விளக்கு எரிந்த அடியைத் திரும்ப மீட்க முடியாது.

மைக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: ட்ரம்மர் தன் கையாலேயே மிக்ஸ் செய்ய வேண்டும். நம் ஊரில் ஜாம் ரூமிலேயே பழகியவர்கள் ஆம்ப்புகளை மீறிக் கேட்பதற்காக ஹை-ஹாட்டையும் க்ராஷையும் ஓங்கி அடித்துப் பழகிவிடுகிறார்கள். பதிவில் அந்த சிம்பல்கள் எல்லா மைக்கிலும் வழிந்து, பிறகு ஸ்நேரை ஏற்றினாலே அவையும் ஏறும். ஹை-ஹாட்டை மெதுவாக, ஸ்நேரை உறுதியாக. இதை இன்றிலிருந்தே பழக வேண்டும், பதிவு நாளில் சொன்னால் கை கேட்காது. வேகம் தவறாமல் இருக்கக் காதில் ஒலிக்கும் தாளத் தட்டான க்ளிக்கும் அப்படித்தான். க்ளிக்கோடு மூன்று வாரமாவது வாசித்துப் பழகாமல் அன்று திடீரென்று காதில் போட்டால் பாட்டே விறைத்துவிடும். பாட்டு முழுக்க ஒரே வேகம் இருக்க வேண்டியதில்லை. பல்லவிக்கு நிமிடத்துக்கு 124 தட்டு, சரணத்துக்கு 122 என்று வைத்தும் க்ளிக் தயார் செய்யலாம்.

நால்வரும் போங்கள். பேஸும் கிட்டாரும் ஆம்ப் இல்லாமல், வாத்தியத்தை நேராக மிக்ஸரில் இணைக்கும் டி.ஐ. பாக்ஸ் வழியே ஹெட்போனில் கேட்கட்டும், நீங்கள் அடுத்த அறையில் வழிகாட்டுவதற்கு மட்டுமான கைடு குரல் பாடுங்கள். ட்ரம்மர் மனிதர்களோடு வாசிப்பதற்கும் க்ளிக்கோடு தனியாக வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசம் கேட்பவருக்குத் தெரியும். பேஸ் நன்றாக வந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஒரு பாட்டுக்கு நான்கு டேக். அதற்குள் வரவில்லை என்றால் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்புங்கள்.

வீட்டில் கிட்டார் எடுப்பது சுலபம். முந்தைய நாள் புதுக் கம்பி, ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் சுருதி, ஏசியை ஒரே நிலையில் விடுவது. ஏசியைப் போட்டு நிறுத்தினால் கிட்டாரின் சுருதி நகர்ந்துவிடும். டிஸ்டார்ஷனை மேடையில் வைப்பதைவிடக் குறைத்து, அதே பகுதியை இரண்டு முறை வாசித்து இடது, வலது என்று பிரித்துவிடுங்கள். ஆம்ப்பின் சத்தத்தோடு நேரடி டி.ஐ. பதிவையும் தனியாக எடுத்து வைத்தால், ஆம்ப் சத்தம் பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

குரலுக்கு வருகிறேன். தமிழில் ராக் பாடுகிறவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது. நம் மொழியில் குறிலுக்கும் நெடிலுக்கும் பொருளே வேறு. ‘மலை’யை இரண்டு தாளத்துக்கு இழுத்தால் ‘மாலை’. ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும். உங்கள் இரண்டாவது பாட்டில் ‘விடு’ என்ற சொல் ‘வீடு’ என்றுதான் காதில் விழுகிறது. நீண்ட ஸ்வரம் வரும் இடத்தில் நெடிலோ, ‘ம்’, ‘ன்’, ‘ல்’ போல ஒலித்து நிற்கும் மெய்யில் முடியும் சொல்லோ வருமாறு வரியை மாற்றுங்கள். பதிவுக்கு முன் மாற்றினால் ஒரு மாலை வேலை, பதிவுக்குப் பின் எதுவும் செய்ய முடியாது. சொல்லைப் பிரித்து மூச்சு விடும் இடங்களையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் 2017-ல் உருவான ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கானாவையும் ராக்கையும் சேர்த்துச் செய்த பாடல்களை இந்தக் காதோடு கேளுங்கள். அத்தனை வாத்தியங்களுக்கு நடுவில் சொல் எப்படி முன்னால் நிற்கிறது என்று பாருங்கள்.

மைக்கின் முன்னால் ஒரு சாண் தள்ளி நில்லுங்கள், நடுவில் வாய்க் காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர். சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ப’வும் நடுவில் வரும் ‘ப்ப’வும் காற்றை நேராக மைக்குக்குள் ஊதும், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கின் உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் பாதி குறையும். கம்பளிப் போர்வையை உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். பலர் மைக்கின் பின்னால் தொங்கவிடுகிறார்கள். முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் கார்டியாய்ட் மைக் பார்ப்பது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரையும்தான்.

மிக்ஸிங்கை ஐந்து பாட்டோடும் வாழ்ந்த நீங்கள் செய்ய வேண்டாம். வெளியாளிடம் கொடுங்கள். ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: மெய்யெழுத்துகளின் தெளிவு இருக்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை டிஸ்டார்ஷன் கிட்டாரும் நிறைந்திருக்கிறது, பாடும் வரிகளில் அங்கே கிட்டாரை இரண்டு, மூன்று டெசிபல் இறக்கச் சொல்லுங்கள். மாஸ்டரிங்குக்குப் போகும் கோப்பில் உச்சங்களை நசுக்கும் லிமிட்டர் வேண்டாம், உச்சம் மைனஸ் 6 டெசிபல் அருகில் இருக்கட்டும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாடல்களை ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிக்கவிடுகின்றன. சத்தத்துக்காகப் பாட்டை நசுக்கினால் மிஞ்சுவது நசுங்கிய பாட்டுதான்.

இப்போது கஃபே. நீங்கள் செய்யும் வரிசை தலைகீழாக இருக்கிறது. ட்ரம்ஸ், அதற்கு ஈடாகக் கிட்டார், அதற்கு ஈடாக பேஸ், கடைசியில் குரலை ஏற்றப் பார்க்கிறீர்கள். அதற்குள் மைக் தாங்கும் எல்லை முடிந்துவிடுகிறது. குரலிலிருந்து தொடங்குங்கள். யாரும் வாசிக்காதபோது, ஊளை வரும் இடம் வரை குரலை ஏற்றி, கொஞ்சம் இறக்கி நிறுத்துங்கள். அதுதான் அந்த இடத்தின் கூரை. மற்ற மூவரும் அதற்குக் கீழேதான் வாசிக்க வேண்டும். சின்ன இடத்தில் ட்ரம்மர் கட்டைக் குச்சியை விட்டுவிட்டு, மெல்லிய குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய ராட்ஸ் எடுத்துக்கொள்ளட்டும். கிட்டார் ஆம்ப்பை நாற்காலியில் ஏற்றி, வாசிப்பவரின் காதை நோக்கிச் சாயுங்கள். தரையில் இருக்கும் ஆம்ப் அவர் முழங்காலுக்கு வாசிக்கிறது. தனக்குக் கேட்கவில்லை என்று அவர் ஏற்ற, முன் மேஜைக்காரர்கள் காதைப் பொத்துகிறார்கள்.

ஸ்பீக்கர்கள் இரண்டும் உங்கள் மைக் வரிசைக்கு முன்னால் இருக்க வேண்டும். பாடுபவருக்கே கேட்கும்படி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர், கார்டியாய்ட் மைக் என்றால் மைக்கின் வாலுக்கு நேர் பின்னால். சூப்பர்கார்டியாய்ட் என்றால் பின்னாலிருந்து சற்றுப் பக்கவாட்டில், ஏனென்றால் அந்த வகை நேர் பின்னாலும் கொஞ்சம் கேட்கும். குரல் சானலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். உதடு மைக்கைத் தொடும் தூரத்தில் பாடுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போய்விடும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கவே கூடாது. பின்பக்கத் துளைகள் மூடினால் அது எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கி ஊளையிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பியைத் தொட்டபடி பாடும்போது உதட்டில் ‘சுருக்’ என்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது விளையாட்டல்ல. ஆம்ப்பும் சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸரும் வெவ்வேறு ப்ளக்கில், ஒன்றில் எர்த் இல்லாமல் இருந்தால், கிட்டார் கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவே 230 வோல்ட் வரை நிற்கலாம். மேடையில் ஏறியதும் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் வையுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தொடாதீர்கள். கோளாறைக் கண்டுபிடிக்கும் வரை நிகழ்ச்சி தொடங்கக் கூடாது. இசைக் கருவிகள் எல்லாம் எர்த் உள்ள ஒரே ப்ளக்கிலிருந்து எடுக்கட்டும், அதில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருக்கட்டும். ‘ஹம்’ சத்தம் போகிறதே என்று ஆம்ப்பின் எர்த் பின்னை உடைக்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அந்த ஆம்ப்பில் கை வைக்காதீர்கள். ஹம்முக்கு மருந்து டி.ஐ. பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச். அது சிக்னலின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது.

ஒலி மாசு விதிகள் (2000) படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மொட்டை மாடிக் கஃபே என்றால் 9.45-க்குக் கடைசிப் பாட்டு முடியும்படி பேசிக்கொள்ளுங்கள். நால்வரும் காதடைப்பான் வாங்குங்கள். 100 டெசிபல் சத்தத்தில் பாதுகாப்பான நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. உங்கள் ஒத்திகை மூன்று மணி நேரம்.

பாட்டை வெளியிடுவதற்கு முன் ஒரு தாளில், ஒவ்வொரு பாட்டுக்கும் வரி யாருடையது, மெட்டு யாருடையது, எத்தனை சதவீதம், பதிவின் உரிமை யாரிடம் என்று எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதைச் சுலபமாக எழுத முடியும். வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகலாம். நாளை ஒரு கம்பெனி ‘எல்லா உரிமையும் எங்களுக்கு’ என்று ஒப்பந்தம் நீட்டினாலும், பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு இவர்கள் இருவரின் ராயல்டி பங்கை எழுதி வாங்கிவிட முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோதான் அதை மாற்ற முடியும். பதிவு நாள் குறிப்பதற்கு முன்பே இந்தத் தாளை முடித்துவிடுங்கள். ஸ்டூடியோ அட்வான்ஸ் அதற்கப்புறம் கொடுக்கலாம்.